பெயரில்லாத கறுப்புப் பெட்டி: மூன்று வட்ட சாக்கெட், இரண்டு ஜாக். இது என்ன?

நாடாச்சுருள் · ஞாயிறு, மாலை 6:12

எல்லோருக்கும் வணக்கம். பழைய ரீல் டேப் நிரம்பிய அட்டைப்பெட்டி ஒன்று கைக்கு வந்தது. டேப்பையெல்லாம் எடுத்து அடுக்கிவிட்டுப் பார்த்தால், அடியில் சிக்குப்பிடித்த ஒயர் கட்டுக்குள் இது கிடக்கிறது. மூன்று நாளாகத் தேடுகிறேன், இதைப்போல ஒன்றின் படம்கூட எங்கும் அகப்படவில்லை.

கறுப்பு பெயின்ட் அடித்த இரும்புப் பெட்டி. அகலம் 22 செ.மீ., உயரம் நாலு விரல்கடை. முன்பக்கம் எல்இடி மூன்று, அமுக்குகிற பொத்தான் ஒன்று. பின்பக்கம் ஐந்து பின் வட்ட சாக்கெட் மூன்று, கிட்டார் ஒயர் செருகுகிற பெரிய ஜாக் இரண்டு, பவருக்கு ஒரு துளை, அதன் பக்கத்தில் நகத்தால் தள்ளுகிற குட்டி ஸ்விட்ச் நான்கு. கம்பெனி பெயர், மாடல், சீரியல் நம்பர் எதுவும் கிடையாது. தேய்த்து ஒட்டுகிற எழுத்தில் ஏதோ எழுதியிருக்கிறார்கள், முக்கால்வாசி உதிர்ந்துவிட்டது. மூன்று வட்ட சாக்கெட்டுக்கு மேலும் ஆளுக்கொரு ஆங்கில எழுத்து மிச்சம்: ஐ, ஓ, எஸ்.

மிடி, அதாவது மின்னணு இசைக்கருவிகள் ஒன்றோடொன்று பேசிக்கொள்கிற முறை, அது சம்பந்தப்பட்டது என்பதுவரை ஊகிக்க முடிகிறது. என்னிடம் இருக்கிற 12 வோல்ட் அடாப்டர் அந்தத் துளையில் கச்சிதமாக உட்காருகிறது. செருகிப் பார்க்கட்டுமா?

மின்தடை220 · ஞாயிறு, மாலை 6:20

செருகாதீங்க. சாப்பிட்டுவிட்டு வந்து விவரமாக எழுதுகிறேன். அதுவரை செருகாதீங்க.

அலைவரிசை · ஞாயிறு, மாலை 6:41

இதுக்கு மூணு நாள் தேடினீங்களா? ரோலண்ட் எம்பியு-401. வட்ட சாக்கெட் வரிசை, டேப் ஜாக், கறுப்பு இல்லன்னா சாம்பல் கலர் பெட்டி. யாரோ மேல பெயின்ட் அடிச்சு பேரை மறைச்சிருக்காங்க. கேஸ் முடிஞ்சது.

பழம்பெட்டி · ஞாயிறு, இரவு 7:30

அலைவரிசை, அடையாளம் தெரியாத எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் நீங்கள் எம்பியு-401 என்றுதான் சொல்வீர்கள். போன தடவை அது ஒரு டேபிள் விளக்கின் டிரான்ஸ்ஃபார்மர்.

எம்பியு-401 என்னிடம் இருக்கிறது. 1984-இல் வந்தது. அது தனியாக வேலை செய்யாது. கம்ப்யூட்டருக்குள் ஒரு கார்டு, அதிலிருந்து 25 பின் கேபிள், அதன் மறுமுனையில்தான் அந்தப் பெட்டி. ஐபிஎம் பிசிக்கு ஒரு கார்டு, ஆப்பிள் 2-க்கு ஒரு கார்டு, கமடோர் 64-க்கு ஒரு கார்டு என்று தனித்தனியாக விற்றார்கள். பெட்டியில் மிடி உள்வழி ஒன்று, வெளிவழி இரண்டு, சிங்க் (கருவிகளின் தாளத்தை ஒன்றாக ஓட வைக்கிற) சாக்கெட் ஒன்று, ஆக வட்ட சாக்கெட்டே நான்கு. டேப், மெட்ரோனோம் ஜாக்குகளும் சின்ன 3.5 மி.மீ. வகை.

நண்பர் சொல்கிற பெட்டியில் கம்ப்யூட்டர் கேபிள் போவதற்கு இடமே இல்லை. 25 பின் இல்லை, பழைய மேக்கின் சீரியல் சாக்கெட் இல்லை, கார்ட்ரிட்ஜ் விளிம்பும் இல்லை. அப்படியானால் இது கம்ப்யூட்டருக்கான இன்டர்ஃபேஸ் அல்ல. இரண்டு கருவிகளுக்கு நடுவே உட்கார்ந்து மொழிபெயர்க்கிற ஏதோ ஒன்று.

மின்தடை220 · ஞாயிறு, இரவு 8:55

தம்பி, வந்துவிட்டேன். "இது என்ன?" என்று கேட்கிறதுக்கு முன்னால் "இது என்ன கரன்ட் தின்னும்?" என்று கேட்கணும். துளையில் பிளக் உட்காருவதால் ஒன்றும் நிச்சயமாகிவிடாது. அதே துளையில் நடு முனை பாசிட்டிவாகவும் வரும், நெகட்டிவாகவும் வரும், ஏசி அடாப்டரும் வரும். ரோலண்ட், பாஸ் பெடல்களுக்கு நடு முனை நெகட்டிவ். உலகத்தில் பாதி அடாப்டருக்கு அது தலைகீழ்.

பெட்டியைத் திறங்க. பவர் துளையிலிருந்து டிராக்கைக் கண்ணால் பின்தொடருங்க. முதலில் நான்கு டயோடு சதுரமாக நின்றாலோ, நான்கு கால் உள்ள பிரிட்ஜ் இருந்தாலோ நிம்மதி. ஏசி, டிசி, எந்தத் திசை என்றாலும் தாங்கும். ஒற்றை டயோடு என்றால் கவனம். அடுத்து பெரிய கபாசிட்டர், அதன் மேல் எத்தனை வோல்ட் எழுதியிருக்கிறது என்று பாருங்க. 16 என்று போட்டிருந்தால் உள்ளே போவது 9, 10 வோல்ட். 25 என்றால் இன்னும் கொஞ்சம் மேலே போகலாம். 5 வோல்ட் ரெகுலேட்டரான 7805 மட்டும் இருக்கிறதா, கூட 7905 மாதிரி நெகட்டிவ் ரெகுலேட்டரும் இருக்கிறதா? இரண்டும் இருந்தால் அது அநேகமாக ஏசி அடாப்டர் கேட்கிற பெட்டி.

இன்னொன்று. ஐந்து பின் வட்ட சாக்கெட் என்றாலே மிடி என்று நம்பாதீங்க. டின் என்பது பிளக்கின் பெயர்தான், நம்ம தகர டின் மாதிரி, உள்ளே என்ன வேண்டுமானாலும் இருக்கலாம். பழைய ரேடியோக்களில் அது ஆடியோ. முதல் ஐபிஎம் பிசியில் கீபோர்டு சாக்கெட்டும் இதே ஐந்து பின்தான், அதில் 5 வோல்ட் சப்ளையே வரும். டிரம் மெஷினில் அது சிங்க். எல்லாவற்றிலும் பிளக் ஒழுங்காகப் போய் உட்காரும், அதுதான் தொல்லை.

திறந்து, மேலேயிருந்து ஒரு படம், ஒவ்வொரு சிப்பின் எழுத்தும் தெரிகிற மாதிரி படங்கள் போடுங்க. டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் மங்கின எழுத்தும் தெரியும்.

நாடாச்சுருள் · திங்கள், இரவு 9:05

திறந்தாயிற்று. படங்கள் இணைத்திருக்கிறேன். நல்ல வேளை, பிரிட்ஜ் இருக்கிறது. பெரிய கபாசிட்டர் 25 வோல்ட். 7805 ஒன்றே ஒன்று, சின்ன அலுமினியத் தகட்டில் திருகியிருக்கிறது.

சிப்புகள்: 40 கால் நீளச் சிப்பில் 8031. பக்கத்தில் 74எல்எஸ்373. ஸ்டிக்கர் ஒட்டிய 28 கால் சிப் ஒன்று, ஸ்டிக்கரில் பேனாவில் "1.7". இன்னொரு 28 கால் சிப், 6264. எட்டு கால் சிப் இரண்டு: ஒன்று 6என்138, மற்றது 393. வெள்ளி நிற கிரிஸ்டலில் 12.000 என்று போட்டிருக்கிறது.

மூலையில் நீல நிறத்தில் மூன்று மணி கோத்த மாதிரி ஒரு பேட்டரி சால்டர் செய்யப்பட்டிருக்கிறது. அதைச் சுற்றி மயில்துத்தம் மாதிரி பச்சையாகப் பூத்திருக்கிறது. தொட்டால் மாவாக உதிர்கிறது.

மின்தடை220 · திங்கள், இரவு 9:14

மற்ற எல்லாவற்றையும் நிறுத்துங்க. முதலில் அந்த பேட்டரி.

அது நிக்கல் காட்மியம், மூன்று செல், 3.6 வோல்ட். கசிந்திருப்பது காரம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. செம்பு டிராக்கை மெதுவாகத் தின்னும், பக்கத்துச் சிப்பின் கால் வழியாக ஏறும். கையுறை போட்டுக்கொண்டு கட்டரால் இரண்டு காலையும் வெட்டி எடுங்க, இழுக்காதீங்க, டிராக் கூடவே வந்துவிடும். பழைய பல் பிரஷ், தண்ணீர் கலந்த வினிகர், நுரை அடங்கும்வரை தேய்த்து, சுத்தமான தண்ணீரில் துடைத்து, கடைசியில் ஐசோபுரொபைல் ஆல்கஹால். ஒரு நாள் முழுக்கக் காயட்டும். பிறகு பச்சை படிந்த டிராக் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் பீப் சத்தம் வருகிறதா என்று பாருங்க.

கருங்குயில் · திங்கள், இரவு 10:20

வெறும் கிரிஸ்டலைப் பார்த்தே ஒரு விஷயம் சொல்லலாம். இது மிடி பேசுவதற்கென்றே கட்டிய பெட்டி.

மிடியின் வேகம் நொடிக்கு 31,250 பிட். இந்தப் பெட்டியின் மூளையான 8031 தன் கிரிஸ்டலை 12-ஆல் வகுத்து வேலை செய்யும். 12 மெகாஹெர்ட்ஸ் போட்டால் 1 மெகாஹெர்ட்ஸ். சீரியல் பகுதி அதை 32-ஆல் வகுக்கும்: சரியாக 31,250, மிச்சமே இல்லை. அதே 8031-ஐ சாதாரண கம்ப்யூட்டர் சீரியல் போர்ட்டோடு பேச வைக்க நினைத்திருந்தால் 11.0592 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டலைத்தான் போட்டிருப்பார்கள். அதே கணக்கில் 28,800 வரும், மூன்றால் வகுத்தால் 9,600. அந்தக் கோணலான எண்ணைப் போர்டில் பார்த்தால் மோடமோ டெர்மினலோ நினைவுக்கு வரவேண்டும். 12.000 பார்த்தால், பக்கத்திலேயே 6என்138-ஐயும் பார்த்தால், மிடி.

6என்138 ஓர் ஆப்டோகப்ளர். உள்ளே ஒரு எல்இடி, எதிரில் ஒளி உணரி, நடுவே மின் தொடர்பு கிடையாது. மிடி உள்வழிக்கு இது கட்டாயம். இரண்டு கருவிகளின் கிரவுண்ட் ஒன்று சேர்ந்து ஹம் வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

நாடாச்சுருள், அந்த ஸ்டிக்கரை மட்டும் உரிக்காதீர்கள். கீழே கண்ணாடி ஜன்னல் இருக்கும். ஈப்ராம், பெட்டியின் புரோகிராமை வைத்திருக்கிற சிப். புற ஊதா வெளிச்சம் பட்டால் உள்ளே இருப்பது அழியும். அறை விளக்கில் உடனே போகாது, ஆனால் வெயிலில் வைத்தால் போச்சு.

தாளக்கட்டு · செவ்வாய், காலை 7:48

எனக்கு அந்த "எஸ்" சாக்கெட்தான் ஆர்வம். ஒரே ஒரு ஆப்டோகப்ளர் என்றால் ஒரே ஒரு மிடி உள்வழி. "ஓ" வெளிவழி. "எஸ்" என்பது டின் சிங்க் என்று பந்தயமே கட்டுவேன்.

மிடி ஸ்பெக் 1983-இல் வருவதற்கு முன்னால் ரோலண்ட் தன் டிரம் மெஷின்களையும் சீக்வென்சர்களையும் இதே ஐந்து பின் சாக்கெட்டில்தான் கோத்தது. 1980-இல் வந்த டிஆர்-808-இல் பார்க்கலாம். டேட்டா என்று எதுவும் போகாது. ஒரு கம்பியில் ஓடு, நில். இன்னொன்றில் டிக், டிக், டிக்: கால் நோட்டுக்கு 24 துடிப்பு. அவ்வளவுதான்.

மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். மிடி என்றால் நடு பின் 2 கிரவுண்ட், உயிர் 4, 5-இல். உள்வழியில் அந்த 2-கூட எதிலும் இணைந்திருக்காது. டின் சிங்க் என்றால் 1 ஓடு/நில், 2 கிரவுண்ட், 3 கிளாக். பின் வரிசை 1, 4, 2, 5, 3 என்று குதிக்கும், எண்ணும்போது தடுமாறாதீர்கள். நான் எத்தனையோ முறை தடுமாறியிருக்கிறேன்.

நாடாச்சுருள் · புதன், இரவு 8:32

பேட்டரி எடுத்தாயிற்று. ஒரு டிராக் அறுந்திருந்தது, மெல்லிய ஒயர் போட்டு ஒட்டிவிட்டேன்.

அளந்தது இது. "ஐ": பின் 4-லிருந்து 220 ஓம் வழியாக 6என்138-இன் கால் 2-க்கு. பின் 5 நேராகக் கால் 3-க்கு. குறுக்கே தலைகீழாக ஒரு சின்ன கண்ணாடி டயோடு. பின் 2 எதிலும் இல்லை. 6என்138-இன் கால் 6 நேரே 8031-இன் கால் 10-க்குப் போகிறது.

"ஓ": பின் 4-லிருந்து 220 ஓம், அங்கிருந்து 5 வோல்ட். பின் 5-லிருந்தும் 220 ஓம். பின் 2 கிரவுண்ட்.

"எஸ்": 4, 5 காலி! 2 கிரவுண்ட். 1, 3 இரண்டும் ஆளுக்கொரு டிரான்சிஸ்டரின் கலெக்டருக்குப் போகின்றன.

தாளக்கட்டு · புதன், இரவு 8:40

பந்தயம் கட்ட ஆள்தான் வரவில்லை. கலெக்டர் என்றால் பெட்டி வெளியே தள்ளுகிறது, உள்ளே வாங்கவில்லை. டின் சிங்க் வெளிவழி.

கருங்குயில் · புதன், இரவு 8:52

8031-இன் கால் 10 சீரியல் டேட்டா உள்ளே வருகிற கால். எல்லாம் பொருந்துகிறது. 393-இன் வெளிவழி எங்கே போகிறது என்று பாருங்களேன். அது கம்பேரட்டர், டேப்பிலிருந்து வரும் வளைந்து நெளிந்த சிக்னலைச் சதுரமாக வெட்டுவதற்கு. கால் 12-க்குப் போனால் இன்டரப்ட், அதாவது 8031-ஐ உடனே கவனிக்க வைக்கிற கால்.

நாடாச்சுருள் · புதன், இரவு 9:10

கால் 12-தான். எப்படி அக்கா?

அலைவரிசை · புதன், இரவு 9:31

சரி, எம்பியு-401 இல்ல. ஒத்துக்கிறேன். ஆனா டேப் ஜாக்கு, சிங்க் சாக்கெட்டு எல்லாம் சேர்ந்தா எஃப்எஸ்கே, அதாவது தாளத்த ரெண்டு சுருதியா மாத்தி டேப்புல பதியற, டேப் சிங்க் பெட்டி. அது நிச்சயம். வருஷம் 1984, 85 இருக்கும். சிப்புல எல்லாம் நாலு நம்பர் இருக்கே, அத வெச்சு சொல்லிடலாமே?

மின்தடை220 · புதன், இரவு 10:02

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 74எல்எஸ்373-இல் 8612, அதாவது 1986-இன் 12-ஆம் வாரம். 8031-இல் 8639. 6264-இல் 8704. இருப்பதிலேயே கடைசி எது என்றுதான் பார்க்கணும்: 1987 ஜனவரி கடைசிக்கு முன்னால் இந்தப் பெட்டி பிறந்திருக்க முடியாது. எப்போது பிறந்தது என்பதற்கு அது பதில் இல்லை. என் மேஜை டிராயரில் 1985 சிப்புகள் இன்னும் பாக்கெட் பிரிக்காமல் கிடக்கின்றன, நாளைக்கு ஒன்றை எடுத்து போர்டில் போட்டால் அது 1985 போர்டு ஆகிவிடாது.

இன்னொன்று கவனித்தீர்களா? டிராக் எல்லாம் நேர்க்கோடாக இல்லை, ஆற்று வளைவு மாதிரி வளைகிறது. கம்ப்யூட்டரில் வரைந்த போர்டு அல்ல. பிளாஸ்டிக் தாளில் கறுப்பு டேப்பைக் கையால் வளைத்து ஒட்டி, அதைப் படமெடுத்துச் செய்தது. அந்தக் காலத்தில் கம்பெனிகளும் அப்படிச் செய்தார்கள் என்பதால் இதை வைத்து மட்டும் முடிவு கட்ட வேண்டாம். ஆனால் பச்சைப் பூச்சும் இல்லை, சிப் எண் அச்சடித்த வெள்ளை எழுத்தும் இல்லை, சாக்கெட் துளைகளில் ஒன்று லேசாகக் கோணல்.

இப்போது கரன்ட் கொடுக்கலாம். பிரிட்ஜ் 1.4 வோல்ட் தின்னும், 7805-க்கு உள்ளே 7 வோல்ட்டாவது வேண்டும். ஆகவே 9-லிருந்து ஆரம்பிங்க. கரன்ட் லிமிட் வைக்க முடிகிற பவர் சப்ளை இருந்தால் 300 மில்லி ஆம்பியரில் நிறுத்தி வையுங்க.

நாடாச்சுருள் · வியாழன், இரவு 7:55

உயிர் வந்துவிட்டது! 9 வோல்ட்டில் 190 மில்லி ஆம்பியர் எடுக்கிறது. 7805 சூடாகிறது, விரல் வைக்க முடிகிறது. பச்சை எல்இடி நிற்காமல் எரிகிறது.

பொத்தானை அமுக்கினால் முதல் சிவப்பு எல்இடி எரிகிறது, ஒரு ஜாக்கில் சத்தம் வருகிறது. பழைய ஃபேக்ஸ் மெஷின் அழுகிற மாதிரி. அதைக் கம்ப்யூட்டரில் ரெக்கார்டு செய்து அலை வடிவத்தைப் பார்த்தேன். இரண்டே அகலம்தான்: 0.5 மில்லிசெகண்ட், 0.25 மில்லிசெகண்ட். அதாவது 1 கிலோஹெர்ட்ஸும் 2 கிலோஹெர்ட்ஸும். கோப்பும் இணைத்திருக்கிறேன்.

அலைவரிசை · வியாழன், இரவு 8:03

ரெண்டு சுருதி, மாறி மாறி. எஃப்எஸ்கே. இந்த தடவை நான் ஜெயிச்சேன்.

தாளக்கட்டு · வியாழன், இரவு 8:47

மன்னிக்கவும். இது எஃப்எஸ்கே இல்லை.

எஃப்எஸ்கேயில் இரண்டு சுருதியும் டெம்போவுக்கு ஏற்ப மாறி மாறி வரும். கிளாக் துடிப்பு மேலே இருக்கும்போது ஒன்று, கீழே இருக்கும்போது மற்றது. 120 டெம்போவில் நொடிக்கு 48 துடிப்பு என்றால் ஒவ்வொரு சுருதியும் 10 மில்லிசெகண்ட் வரை நீளும். 0.5 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை மாறாது.

கோப்பைப் பெரிதாக்கிப் பாருங்கள். குட்டைத் துடிப்பு எப்போதும் ஜோடி ஜோடியாகத்தான் வருகிறது. ஒற்றையாக ஓரிடத்தில்கூட இல்லை. நீளமானது ஒன்று வந்தால் சுழியம், குட்டை இரண்டு வந்தால் ஒன்று. ஒவ்வொரு பிட்டும் 0.5 மில்லிசெகண்ட். குட்டை 24 இடைவெளியில்லாமல் வருகிற ஒரு இடம் இருக்கிறது, அதாவது பன்னிரண்டு "ஒன்று" வரிசையாக. அந்த இடம் மறுபடி மறுபடி வருகிறது, எத்தனை மில்லிசெகண்டுக்கு ஒருமுறை? ரூலர் வைத்து அளந்தேன்: 40.

40 மில்லிசெகண்ட் என்றால் நொடிக்கு 25. ஒவ்வொன்றிலும் 80 பிட். 25 பெருக்கல் 80, 2,000 பிட். இது சிம்ப்டி டைம்கோடு, ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நேரத்தை டேப்பில் குறித்து வைக்கிற முறை. அந்தப் பன்னிரண்டு "ஒன்று" அதன் சிங்க் வார்த்தை. டேப் எந்தப் பக்கம் ஓடினாலும் அடையாளம் தெரிய வேண்டும் என்பதற்காகவே ஒவ்வொரு ஃப்ரேமின் முடிவிலும் அதை வைத்திருக்கிறார்கள்.

நாடாச்சுருள், குட்டி ஸ்விட்சுகளில் முதல் இரண்டையும் மாற்றி மாற்றி ரெக்கார்டு செய்யுங்கள். சினிமாவுக்கு 24, 50 ஹெர்ட்ஸ் நாடுகளின் டிவிக்கு 25, அமெரிக்க கலர் டிவிக்கு 29.97, பிறகு முழு 30. இரண்டு ஸ்விட்சுக்கு நான்கு நிலை. கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

நாடாச்சுருள் · வியாழன், இரவு 9:36

40, 41.7, 33.3, 33.4. நான்கும் வருகின்றன. கடைசி இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்க ஒரு நிமிட ரெக்கார்டிங் எடுத்து எண்ணவேண்டியதாயிற்று.

பழம்பெட்டி · வியாழன், இரவு 10:15

இப்போது அந்த பேட்டரிக்கும் அர்த்தம் கிடைக்கிறது. பாட்டை மல்டிட்ராக் டேப்பில் பதிவார்கள், ஒரு ட்ராக்கை டைம்கோடுக்கு ஒதுக்கிவிடுவார்கள். டேப்பை எங்கே நிறுத்தி எங்கே ஆரம்பித்தாலும் "இப்போது 2 நிமிடம் 13 நொடி 7-ஆவது ஃப்ரேம்" என்று அது சொல்லும். ஆனால் டிரம் மெஷினுக்கு நிமிடமும் நொடியும் புரியாது, அதற்குத் தாளக் கணக்குதான். பாட்டு எந்த நொடியில் தொடங்குகிறது, எங்கே டெம்போ மாறுகிறது என்ற அட்டவணை இருந்தால்தான் நடுவில் மொழிபெயர்க்க முடியும். அந்த அட்டவணை 6264 ராமில். கரன்ட் போனாலும் மறக்காமல் இருக்க பேட்டரி. ரோலண்ட் எஸ்பிஎக்ஸ்-80 இதே வேலையைத்தான் செய்தது. அதற்கு முன்பக்கம் டிஸ்ப்ளேயும் பொத்தான்களும் உண்டு.

இதில் ஒரே பொத்தான். அட்டவணையை எப்படி உள்ளே போட்டார்கள்?

கருங்குயில் · வெள்ளி, காலை 6:30

மிடி வழியாக. வேறு வழியே இல்லை. ஈப்ராமை யாராவது படித்தால் தெரிந்துவிடும். ரீடர் இருக்கிறதா?

நாடாச்சுருள் · சனி, மதியம் 3:18

நண்பனிடம் இருந்தது. சிப்பைக் கழற்றும்போது ஒரு கால் வளைந்தது, உயிர் போய் உயிர் வந்தது. 8 கிலோபைட் கோப்பு, மூன்று முறை படித்தேன், மூன்றும் ஒன்றே.

கருங்குயில் · ஞாயிறு, இரவு 11:40

நேற்று இரவு தூக்கம் போயிற்று, பழி உங்கள் மேல்தான்.

முதலில் எழுத்து வடிவில் ஏதாவது இருக்கிறதா என்று தேடினேன். கம்பெனி பெயரும் இல்லை, காப்புரிமை வரியும் இல்லை. "1.7" மட்டும்.

கோடை பிரித்துப் பார்த்ததில், மிடி வெளிவழிக்கு அனுப்புகிற பைட்டுகள்: எஃப்8 கிளாக், எஃப்ஏ தொடக்கம், எஃப்பி தொடர்ச்சி, எஃப்சி நிறுத்தம், எஃப்2 பாட்டில் எந்த இடம் என்று சொல்வது. எஃப்1 எங்குமே இல்லை. எஃப்1 என்பது மிடி டைம்கோடு, 1987-இல் வந்தது. இந்தப் பெட்டியைச் செய்தவருக்கு அது இன்னும் கைக்கு எட்டவில்லை, அல்லது தேவைப்படவில்லை. டேப்பை நடுவில் ஓட்டினால் பெட்டி ஃப்ரேமைப் படித்து, அட்டவணையைப் பார்த்து, எஃப்2 அனுப்பி டிரம் மெஷினைச் சரியான இடத்தில் நிறுத்தி, அடுத்த துடிப்பில் எஃப்பி. சுத்தமாக எழுதியிருக்கிறார், எனக்குப் பொறாமையாக இருந்தது.

இப்போது முக்கியமான விஷயம். அட்டவணை சிஸ்எக்ஸ் செய்தியாக, அதாவது ஒரு தயாரிப்பாளரின் கருவிக்கென்றே உள்ள மிடி செய்தியாக வருகிறது. சிஸ்எக்ஸ் எஃப்0-வில் தொடங்கும், அடுத்த பைட் தயாரிப்பாளரின் எண். ரோலண்ட் 41, கோர்க் 42, யமஹா 43, சீக்வென்ஷியல் 01. இந்தப் பெட்டி எதிர்பார்க்கிற எண் 7டி.

பழம்பெட்டி · ஞாயிறு, இரவு 11:52

7டி? அது யாருக்கும் கொடுக்காத எண் ஆயிற்றே.

கருங்குயில் · திங்கள், காலை 12:05

அதேதான். வியாபாரத்துக்கு அல்லாத, படிப்பு, ஆராய்ச்சி, சொந்தப் பரிசோதனை வேலைகளுக்கென்று ஒதுக்கி வைத்த எண். நாடாச்சுருள் மூன்று நாள் தேடியும் படம் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். இதற்குப் பெயரே கிடையாது. யாரோ ஒருவர் தன் வேலைக்குத் தானே கட்டியிருக்கிறார்.

அலைவரிசை · திங்கள், காலை 7:10

எண்ணுக்குப் பதிவு பண்ணாம சின்ன கம்பெனி எதாவது 7டி-யையே போட்டு வித்திருக்கலாமில்ல? சோம்பேறிங்க எல்லாக் காலத்துலயும் உண்டு.

மின்தடை220 · திங்கள், காலை 8:25

இந்தக் கேள்வி நியாயமானது. எண்ணை மட்டும் வைத்துச் சொன்னால் நானும் சந்தேகப்படுவேன். ஆனால் பூச்சில்லாத போர்டு, கையால் வளைத்த டேப், தேய்த்து ஒட்டிய எழுத்து, கோணல் துளை, பேனாவில் எழுதிய "1.7". விற்கிறவன் இதில் இரண்டையாவது சரிசெய்திருப்பான். சொந்தமாக வைத்துக்கொள்கிறவனுக்கு ஒன்றும் கவலையில்லை. ஆனால் மிடி உள்வழியில் அந்தச் சின்ன டயோடைக்கூட விடவில்லை பாருங்க. கை சுத்தமான ஆள்.

தாளக்கட்டு · திங்கள், காலை 9:40

மூன்றாவது, நான்காவது ஸ்விட்ச் என்ன செய்கின்றன?

கருங்குயில் · திங்கள், மாலை 5:15

நான்காவது "எஸ்" சாக்கெட்டின் துடிப்பை இரட்டிப்பாக்குகிறது, 24 இல்லாமல் 48. மூன்றாவதைக் கோடு தொடவே இல்லை. பதிப்பு 1.8-க்கு வைத்திருந்தாரோ என்னவோ.

தாளக்கட்டு · திங்கள், மாலை 5:22

48! கோர்க் டிரம் மெஷின்கள் அதே டின் சாக்கெட்டில் 48 கேட்கும். ரோலண்ட் 24. ஆக அவரிடமோ அவர் வேலை பார்த்த ஸ்டூடியோவிலோ இரண்டு ஜாதியும் இருந்திருக்கிறது.

நாடாச்சுருள் · சனி, இரவு 10:50

வாரம் முழுக்க உட்கார்ந்து வேலை செய்தேன். கருங்குயில் அக்கா எழுதிக் கொடுத்த சிஸ்எக்ஸ் வரிகளை அனுப்பினேன்: தொடக்கம் ஒரு மணி 0 நிமிடம் 0 நொடி, முதல் எட்டு பாருக்கு டெம்போ 96, பிறகு 104. இரண்டாவது சிவப்பு எல்இடி மூன்று முறை கண்ணடித்தது. ஃபோனில் 25 ஃப்ரேம் டைம்கோடு ஆடியோ கோப்பை ஓட்டி, ஹெட்ஃபோன் ஒயரை டேப் உள்வழியில் செருகினேன். சத்தம் குறைவாக இருந்தபோது ஒன்றுமில்லை. முக்கால் வால்யூமுக்கு ஏற்றியதும் டிரம் மெஷின் தானாகத் துள்ளிக் கிளம்பியது. கோப்பை நடுவே இழுத்து விட்டால் ஒரு கணம் திணறி, சரியான பாரில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒன்பதாவது பாரில் வேகம் மாறினபோது நான் தனியாக அறையில் கைதட்டினேன்.

பழைய பேட்டரி இருந்த இடத்தில் காசு பேட்டரி வைக்கும் ஹோல்டர் போட்டு, சார்ஜ் ஆகாமல் தடுக்க ஒரு டயோடும் சேர்த்துவிட்டேன். போர்டிலேயே சால்டர் செய்யவில்லை, ஒயர் இழுத்துத் தள்ளி வைத்திருக்கிறேன்.

மூடியைத் திரும்பத் திருகும்போதுதான் கவனித்தேன். மூடியின் உட்பக்கம், பெயின்ட் அடிக்காத மூலையில், பென்சிலில் "2/3" என்று எழுதியிருக்கிறது.

பழம்பெட்டி · சனி, இரவு 11:04

மூன்று செய்திருக்கிறாரா!

மின்தடை220 · சனி, இரவு 11:09

அந்த 8 கிலோபைட் கோப்பை இந்த இழையிலேயே எல்லோரும் எடுக்கிற மாதிரி இணைத்து வையுங்க தம்பி. கூடவே உள்பக்கப் படம், அந்த வளைந்த டிராக் நன்றாகத் தெரிகிற மாதிரி. 1, 3 எங்கேயோ ஒரு அட்டைப்பெட்டியின் அடியில் கிடக்கலாம். அதைத் திறக்கிறவர் தேடும்போது ஒரு படமாவது அகப்படட்டும்.

நாடாச்சுருள் · சனி, இரவு 11:31

இணைத்துவிட்டேன். ஈப்ராம் ஜன்னலுக்குப் பழைய ஸ்டிக்கர் மேலேயே புதிதாக ஒன்று ஒட்டினேன். அதிலும் பேனாவில் "1.7" என்றுதான் எழுதியிருக்கிறேன்.